மலாக்காவில் ஒரு நாள்: நம்ம கோயிலுக்கு வயசு என்ன?

ஓம் சக்தி.

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சுல படிக்க முடியலைன்னா பாதியில நிறுத்திட்டு, சாயங்கால பூஜை முடிஞ்சு வந்து மீதியைப் படிங்க. ஆனா கடைசி வரைக்கும் படிங்க. கடைசியில உங்ககிட்ட ஒரு உதவி கேட்டிருக்கேன்.

என்னை உங்கள்ல பல பேருக்குத் தெரியும். அன்னதான வரிசையில சாம்பார் வாளியோட நிக்கிறவன் நான்தான். தொழிற்சாலையில சூப்பர்வைசர் வேலை. ஐந்தாம் படிவத்தோட படிப்பு முடிஞ்சுது. வரலாறு எழுதுற அளவுக்கு எனக்கு ஞானம் கிடையாது. இருந்தாலும் எழுத வேண்டிய நிலைமை வந்துடுச்சு.

அடுத்த வருஷம் நம்ம கோயில் கும்பாபிஷேகம். சிறப்பு மலர் போடுறோம். அதுல 'ஆலய வரலாறு' ரெண்டு பக்கம் என் பொறுப்புன்னு செயலவையில முடிவாச்சு. சரி, சுலபமான வேலைதானேன்னு நினைச்சு கூட்டத்துல ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நம்ம கோயில் எந்த வருஷம் ஆரம்பிச்சது?

நாலு பேர் நாலு பதில் சொன்னாங்க. ஒருத்தர் ஜப்பான்காரன் காலத்துக்கு முன்னாடின்னாரு. இன்னொருத்தர் மெர்டேக்காவுக்குப் பிறகுன்னாரு. அக்கா ஒருத்தங்க, தன்னோட பாட்டி கல்யாணமே இந்த அம்மன் முன்னாடிதான் நடந்ததுன்னாங்க. வாசல்ல இருக்கிற பளிங்குக் கல்லைப் போய்ப் பார்த்தா, கடைசியா திருப்பணி செஞ்ச செயலவை உறுப்பினர்கள் பேர்தான் இருக்கு. ஆரம்பிச்சவங்க பேர் இல்ல.

பதில் தெரிஞ்ச ஒரு பெரியவர் இருந்தாரு. தோட்டத்துல கோயில் அத்தாப்புக் கூரையில இருந்த காலத்துல பூசை பண்ணினவரோட மகன். ரெண்டு தடவை என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு நாள் நோட்டுப் புத்தகம் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா, எல்லாத்தையும் சொல்றேன்"னாரு. "அடுத்த வாரம் வர்றேன் ஐயா"ன்னேன். அந்த வாரம் ஓவர்டைம். அதுக்கு அடுத்த வாரம் வேற ஏதோ. மூணு மாசத்துக்கு முன்னாடி அவர் தவறிட்டாரு. அவருக்கு மாலை வாங்கிட்டுப் போனேன். நோட்டுப் புத்தகம்தான் கொண்டு போகலை.

அந்த உறுத்தல்லதான் மலாக்கா போனேன். நம்ம நாட்டுல இன்னைக்கும் பூஜை நடக்குற பழைய இந்துக் கோயில்கள்ல ஒண்ணு அங்க இருக்கு. பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம். வயசு கேட்டா தயங்காம 1781-ன்னு சொல்றாங்க. இருநூற்று நாற்பது வருஷத்துக்கு மேல. அவங்களால சொல்ல முடியுது, நம்மால ஏன் முடியலைன்னு நேர்ல பார்க்கணும்னு தோணுச்சு.

மலாக்கா எனக்குப் புதுசு இல்ல. கோயில் சுற்றுலா பஸ்ஸுல ஆறேழு தடவை போயிருக்கேன். ஆனா பொறுப்பாளரா போறவன் ஊரைப் பார்க்க முடியாது. ஆள் எண்ணணும், சாப்பாட்டுப் பொட்டலம் குடுக்கணும், வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு பிளாஸ்டிக் பை தேடணும். இந்தத் தடவை தனியாப் போனேன். ஐம்பது வயசுக்கு மேல, வாழ்க்கையில முதல் தடவையா ஒரு ஊரைத் தனியா சுத்திப் பார்த்தேன். வீட்டுல சிரிச்சாங்க.

காலையில லார்க்கின்ல பஸ் ஏறினேன். மூணு மணி நேரத்துல மலாக்கா சென்ட்ரல். அங்கிருந்து உள்ளூர் பஸ் எடுத்து சிவப்புக் கட்டடம் போனேன்.

சிவப்புக் கட்டடம்னு நாம சொல்றது டச்சுக்காரங்க 1650 வாக்குல கட்டின ஸ்டாட்ஹைஸ். அவங்களோட ஆளுநர் மாளிகை. பக்கத்துல இருக்கிற கிறிஸ்து தேவாலயம் 1753-இல் முடிஞ்சது. ரிக்சாக்கள் பொம்மை கட்டிக்கிட்டு, பாட்டைச் சத்தமா வச்சிக்கிட்டு நிக்குது. எல்லாரும் படம் எடுக்கிறாங்க. நான் ஓரமா ஒரு கல்லுல உட்கார்ந்து, இந்த ஊர் எத்தனை கை மாறியிருக்குன்னு விரல் விட்டு எண்ணினேன்.

1400 வாக்குல பரமேஸ்வரா ஆரம்பிச்ச ஊர். 1511-இல் போர்த்துக்கீசியர் பிடிச்சாங்க. தப்பிச்ச மலாக்கா சுல்தானோட வாரிசுதான் பிறகு நம்ம ஜொகூர் சுல்தானகத்தை ஆரம்பிச்சது. 1641-இல் டச்சுக்காரங்க போர்த்துக்கீசியரைத் துரத்தினாங்க. அதுக்கு ஜொகூர் படையும் துணை நின்னுது. 1824 ஒப்பந்தத்துல ஊர் நிரந்தரமா வெள்ளைக்காரனுக்குப் போச்சு. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், 1945-இல் போனான். 1957-இல் மெர்டேக்கா. 2008-இல் ஜோர்ஜ் டவுனையும் மலாக்காவையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம்னு அறிவிச்சுது.

இத்தனை கொடி மாறின ஊர்ல நம்ம ஆளுங்க எங்க இருந்தாங்க? ஆரம்பத்துல இருந்தே இருந்தாங்க. சோழ மண்டலக் கரையில இருந்து துணி கொண்டு வந்து, இங்கிருந்து மசாலாப் பொருளும் வாசனைப் பொருளும் கொண்டு போன வணிகர்கள். அந்தக் காலத்துல இந்தத் துறைமுகத்துல 84 மொழி கேட்கலாம்னு தோமே பீரஸ்ங்கிற போர்த்துக்கீசியர் எழுதி வச்சிருக்காரு. அதுல நம்ம மொழியும் உண்டு.

அந்த வணிகர்கள்ல ஒருத்தரைப் போர்த்துக்கீசியர் 'நினா சாட்டு'ன்னு எழுதியிருக்காங்க. பெரிய பணக்காரர், இந்து. 1511-க்கு முன்னாடி போர்த்துக்கீசியக் கைதிகள் மலாக்காவுல அடைபட்டிருந்தப்போ அவங்களுக்கு உதவி பண்ணினாரு. ஊர் அவங்க கைக்கு வந்ததும் இவரை இந்துக்களுக்குத் தலைவரா, பெண்டஹாரா பதவியில வச்சாங்க. மூணே வருஷம். 1514-இல் பதவியைப் பிடுங்கி கம்பார் நாட்டு அரசருக்குக் குடுத்துட்டாங்க. அவமானம் தாங்காம சந்தனக் கட்டையில சிதை அடுக்கி, தானே அதுல இறங்கினாருன்னு அவங்க வரலாற்று நூல்களே சொல்லுது.

இந்தக் கதையை மனசுல வச்சிக்கோங்க. அவருக்கு இருந்தது பதவி. குடுத்தவனே எடுத்துக்கிட்டான்.

பாலத்தைத் தாண்டி, ஜோங்கர் தெருவுல கூட்டத்தை விலக்கிக்கிட்டு, பக்கத்துத் தெருவான ஜாலான் துக்காங் எமாஸ் போனேன். துக்காங் எமாஸ்னா பொற்கொல்லர். இந்தத் தெருவுக்கு நல்லிணக்கத் தெருன்னும் பேர் இருக்கு. காரணம், நடந்தாலே ரெண்டு மூணு நிமிஷத்துல மூணு வழிபாட்டு இடம். 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் மரத்துல கட்டி, பிறகு 1872-இல் செங்கல்லாக மாறின பள்ளிவாசல். இன்னும் கொஞ்சம் தள்ளி 1600-களில் ஆரம்பிச்ச செங் ஹூன் தெங் சீனக் கோயில். இந்தப் பக்கம் நம்ம விநாயகர்.

கோபுரம் வானத்தைத் தொடுற கோயில் இல்ல இது. தெருவோட தெருவா இருக்கு. அவசரமாப் போனா கவனிக்காமத் தாண்டிடலாம். பஸ்ஸுல வந்தப்போ நானே அப்படித்தான் ஆளுங்களை விரட்டிட்டுப் போயிருக்கேன்.

நடை சாத்துறதுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்தேன். அர்ச்சனை பண்ணிட்டு ஒரு தூண் பக்கமா உட்கார்ந்தேன். 'பொய்யாத'ன்னா பொய்க்காதவர். நம்பினவனைக் கைவிடாதவர். டச்சு ஆட்சி குடுத்த நிலத்துல, மலாக்கா செட்டிகளோட தலைவரா இருந்த தெய்வநாயகம் செட்டி 1781-இல் கட்டினது. நிலம் யார் குடுத்தது, யார் வாங்கினது, எந்த வருஷம். மூணு கேள்விக்கும் பதில் இருக்கு. பிற்காலத்துல செட்டிகள் எண்ணிக்கையும் வசதியும் குறைஞ்சப்போ நிர்வாகம் நாட்டுக்கோட்டை நகரத்தார் கைக்குப் போச்சு. மாசி மகத்துக்கு முருகன் வெள்ளி ரதத்துல செங் ஊர்ல இருக்கிற சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போறது இங்கிருந்துதான்.

கவனிங்க. கட்டினவங்க ஒரு கூட்டம், இன்னைக்கு நடத்துறவங்க வேற ஒரு கூட்டம். நிலம் குடுத்த டச்சுக்காரன் போயிட்டான், அவனைத் துரத்தினவனும் போயிட்டான். ஆனா கட்டினவர் பேரை யாரும் அழிக்கலை. நினா சாட்டு எவ்வளவோ பெரிய பதவியில இருந்தவர், மூணு வருஷத்துல கதை முடிஞ்சுது. தெய்வநாயகம் செட்டி ஒரு மனைக்கு முறையா இடம் வாங்கி, ஒரு விளக்கு ஏத்தி வச்சாரு. அது இன்னும் எரியுது.

எங்க தொழிற்சாலையில ஆடிட் வரும்போது நாங்க சொல்ற முதல் பாடம் இதுதான். வேலை செஞ்சா போதாது, செஞ்சதை லாக் புத்தகத்துல எழுதணும். எழுதலைன்னா, வர்ற அதிகாரிக்கு அந்த வேலை நடக்கவே இல்ல. எந்த மெஷினுக்கு எந்தத் தேதியில எண்ணெய் போட்டோம், யார் கையெழுத்து, எல்லாம் என்கிட்ட பக்காவா இருக்கு. நான் கும்பிடுற அம்மனுக்கு ஒரு பக்கம் கூட இல்ல. தூண்ல சாஞ்சுக்கிட்டு இதை நினைச்சப்போ வெட்கமா இருந்துச்சு.

மத்தியானம் வாழை இலையில சாப்பிட்டுட்டு செயின்ட் பால் குன்று ஏறினேன். படிக்கட்டு எனக்கு மூச்சு வாங்குச்சு. மேல 1521-இல் போர்த்துக்கீசியர் கட்டின தேவாலயம். புனித பிரான்சிஸ் சேவியரோட உடலை கோவா கொண்டு போறதுக்கு முன்னாடி 1553-இல் கொஞ்ச காலம் இங்கதான் வச்சிருந்தாங்க. தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிக்கிற மக்கள்கிட்ட ஊழியம் செஞ்சவர், இந்த மலாக்கா வழியாத்தான் ஜப்பானுக்கும் போனவர். டச்சுக்காரங்க கீழே புது தேவாலயம் கட்டினதும் மேல இருக்கிறது வழிபாடு நின்னு, கல்லறை இடமா மாறிடுச்சு. இன்னைக்கு சுவர் அப்படியே நிக்குது, கூரை இல்ல. அவ்வளவு தடிமனான சுவர்.

கீழே இறங்கினா அ ஃபாமோசா கோட்டை. கோட்டைன்னு சொன்னாலும் மிஞ்சினது ஒரே ஒரு வாசல். மேல டச்சுக் கம்பெனி சின்னத்தோட 1670-ன்னு செதுக்கியிருக்கு. 1807-இல் வெள்ளைக்காரங்க மிச்ச கோட்டையை வெடி வச்சுத் தகர்த்துட்டாங்க. இந்த வாசல் தப்பிச்சது.

பெரிய மதிலுக்கு வந்த கதி இது. பீரங்கி வச்ச கோட்டை போச்சு, கூரை ஓட்டுக் கோயில் நிக்குது. ஏன்னு யோசிச்சுக்கிட்டே கிராப் கார் பிடிச்சு கம்போங் செட்டி போனேன். அதுக்குப் பதில் அங்கதான் கிடைச்சுது.

காஜா பேராங் சாலைல இருக்கு கம்போங் செட்டி. மலாக்கா செட்டிகளோட கிராமம். அந்தக் காலத் தமிழ் வணிகர்கள் இங்கேயே குடும்பம் கட்டி, உள்ளூர்ப் பெண்களைக் கல்யாணம் பண்ணி, அப்படி வந்த வம்சம். டச்சுக்காரங்க வியாபாரத்தை இறுக்கிப் பிடிச்சப்போ இவங்கள்ல நிறைய பேர் விவசாயம், சின்ன வேலைகள்னு மாறினாங்க. பேர்ல பிள்ளை, படையாட்சி, நாய்க்கர், செட்டின்னு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. உடுத்துறது பாஜு கெபாயாவும் சாரோங்கும். பேசுறது மலாய். தமிழ் போயே போச்சு.

முத்துமாரியம்மன் கோயில் 1822-இல் கட்டினது. சாயங்காலம் நடை திறக்கக் காத்திருந்தேன். ஒரு அம்மா, எழுபது வயசுக்கு மேல இருக்கும், சாரோங் கட்டிக்கிட்டு பூத்தட்டோட வந்தாங்க. நான் தமிழ்ல வணக்கம் சொன்னேன். சிரிச்சிட்டு கை கூப்பினாங்க. பேச்சு மலாய்லதான் நடந்துச்சு.

அவங்க திருவிழாவைப் பத்திக் கேட்டேன். சித்திரை மாசவாக்குல பத்து நாள் அம்மன் திருவிழா, கரகம், காவடி எல்லாம் உண்டு. அதுக்கு அவங்க வச்சிருக்கிற பேர் 'டத்தோ சாச்சார்'. மலாய்ல சாச்சார்னா அம்மை நோய். யோசிச்சுப் பாருங்க. அம்மை போட்டா மாரியாத்தா வந்திருக்கான்னு நம்ம பாட்டிமார் வேப்பிலை கட்டுவாங்களே, அதே நம்பிக்கைதான். மொழி மாறினப்போ நம்பிக்கையை விடாம, புது மொழியில ஒரு பேர் வச்சுக் காப்பாத்தியிருக்காங்க.

பொங்கலுக்கு முதல் நாள் போகியில முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கிறாங்க. பழம் விளையுற ஜூன், ஜூலை வாக்குல பழம் வச்சு இன்னொரு தடவை படைக்கிறாங்க. இதுக்கு அவங்க சொல்ற வார்த்தை 'பார்ச்சு'. அந்த அம்மா அதைச் சொன்னப்போ என் காதுக்கு 'படைச்சு'ன்னே கேட்டுச்சு. உடம்பு சிலிர்த்துச்சு. இது என் காதுக்குக் கேட்டது, மொழி படிச்சவங்க சரியாச் சொல்லட்டும்.

"எந்த இலையில எது முதல்ல வைக்கணும்னு எப்படி ஞாபகம் வச்சிருக்கீங்க, பாட்டி?"ன்னு கேட்டேன். அவங்க யோசிக்கவே இல்ல. பக்கத்துல நின்ன பேத்தியைக் காட்டி, "நான் வைக்கும்போது இவள் தட்டைப் பிடிச்சிக்கிட்டு நிப்பாள். நானும் என் பாட்டிக்கு அப்படித்தான் பிடிச்சேன்"னாங்க. அவ்வளவுதான். அவங்களுக்கு இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல.

மணி அடிச்சுது. தீபாராதனை. கற்பூரத்தட்டு வந்தப்போ அந்தப் பொண்ணு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டது அப்படியே என் மகள் செய்யுற மாதிரி.

திரும்பி வர்ற பஸ்ஸுல தூக்கம் வரலை. நாம அவங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுறோம், "பாவம், தமிழ் தெரியலை"ன்னு. மொழி போனது பெரிய இழப்புதான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அவங்ககிட்ட கோயிலோட வருஷம் இருக்கு, கட்டினவர் பேர் இருக்கு, தட்டைப் பிடிக்க பேத்தி இருக்கு. நம்மகிட்ட தமிழ் இருக்கு. தமிழ்ப்பள்ளி இருக்கு, தேவாரம் பாடுற பிள்ளைங்க இருக்காங்க. அப்புறம் ஏன் நம்ம கோயில் எந்த வருஷம்னு சொல்ல ஆள் இல்ல? என் பிள்ளைகளுக்கு நான் சாமி கும்பிடச் சொல்லிக் குடுத்தேன். பாயச வாளியைக் கையில குடுத்து வேலை செய்யச் சொல்லிக் குடுக்கலை. அவங்க படிக்கட்டும்னு விட்டுட்டேன்.

நம்ம ஜொகூர்லயே எழுதி வச்ச கோயில்கள் இருக்கு. ஜொகூர் பாரு நகர்ல ராஜமாரியம்மன் தேவஸ்தானம் 1911-ன்னு தெளிவா சொல்லுவாங்க. கண்ணாடிக் கோயில்னு ஊரே பார்க்க வர்ற ராஜகாளியம்மன் ஆலயம் 1922-இல் குடிசையா ஆரம்பிச்சது, சுல்தான் அன்பளிப்பாக் குடுத்த நிலம். அதனாலதான் இன்னைக்கு யார் கேட்டாலும் அவங்களால நிமிர்ந்து பதில் சொல்ல முடியுது. தோட்டத்துக் கோயில்கள் கதை வேற. தோட்டம் கை மாறும், லயம் காலியாகும், கோயிலை நகர்த்தச் சொல்லுவாங்க. அப்போ மேசையில வைக்க நம்மகிட்ட ஒரு காகிதமாவது வேணும். பக்தி உள்ளுக்குள்ள இருந்தா போதும்னு அந்த இடத்துல சொல்ல முடியாது.

மறுநாள் காலையில கோயிலுக்குப் போனேன். நம்ம மூலஸ்தானம் முன்னாடி இருக்கிற பெரிய குத்துவிளக்கு தெரியுமில்ல? இருபது வருஷமா வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் அதைப் புளி போட்டுத் தேய்க்கிறவன் நான்தான். அன்னைக்குத்தான் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்து இருக்கு. 'உபயம்'னு ஆரம்பிச்சு ஒரு பேர். பிறகு ஒரு வருஷம். 19 தெளிவா தெரியுது. அடுத்த எண் 3-ஆ 8-ஆன்னு சொல்ல முடியலை. கடைசி எண் சுத்தமாத் தேஞ்சுடுச்சு. தேய்ச்சது என் கைதான்.

அதனால இந்த உதவி கேட்கிறேன்.

உங்க வீட்டுல பழைய படம் இருக்கா? கல்யாணம், காதுகுத்து, தீமிதி, எதுவா இருந்தாலும் பின்னாடி நம்ம கோயில் தெரிஞ்சா போதும். பழைய நன்கொடை ரசீது, திருவிழா அழைப்பிதழ், தோட்டத்து நிர்வாகத்துக்கு எழுதின கடிதம், எது கிடைச்சாலும் கொண்டு வாங்க. படம் பிடிச்சிட்டு உடனே திருப்பிக் குடுத்துடுவோம்.

வீட்டுல எழுபது வயசுக்கு மேல பெரியவங்க இருந்தா சொல்லுங்க. அவங்க இங்க வர வேண்டாம், நாங்க வீட்டுக்கு வர்றோம். போன்ல பேச்சைப் பதிவு பண்ணிக்கிறோம், ஒரு கப் தேநீர் போதும். இந்தத் தடவை 'அடுத்த வாரம்' கிடையாது. நீங்க சொல்ற நாள்ல லீவு போட்டுட்டு வர்றேன்.

விளக்குல இருக்கிற பேரை இங்க போடலை. வெள்ளிக்கிழமை அபிஷேகம் முடிஞ்சதும் வந்து பாருங்க. உங்க தாத்தா பேரா இருக்கலாம். வரும்போது பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. வாளி பிடிக்க ஆள் வேணும்.

பதிவுல தப்பு இருந்தா பெரியவங்க மன்னிச்சு, கீழே திருத்திச் சொல்லுங்க. அதையும் எழுதி வச்சிக்கிறேன்.

தாயே துணை. ஓம் சக்தி.